வைப்பர் ஓடியும் சாலை தெரியவில்லையா? குடும்ப எஸ்யூவிக்கான முழுமையான வழிகாட்டி

திருமயம் தாண்டிக் காரைக்குடி நோக்கி வரும்போது ஐப்பசி மழை சடாரென்று இறங்கும். வைப்பரைத் தட்டினால் கண்ணாடி தெளியாது. அதுவரை படிந்த செம்மண் புழுதி குழம்பாகி இரு பக்கமும் இழுபடும். மறுநாள் புது பிளேடு வாங்கிப் போடுவார்கள். இரண்டே நாளில் அதே கோடு. அடுத்த சந்தேகம் மோட்டார் மேல் விழும்.

இந்தப் பக்கத்து வண்டிகளில் பாதித் தொல்லை கண்ணாடியிலேயே இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி வெயிலும் புழுதியும். மழை வரும்போது மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓட வேண்டும். அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: கண்ணாடி, ரப்பர், வைப்பர் கை, வாஷர் தண்ணீர் (கண்ணாடியில் பீய்ச்சும் நீர்), கடைசியில் மின்சாரம். வரிசை மாறினால் காசு போகும், கோளாறு அங்கேயே இருக்கும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கார் ஷாம்பு, மூன்று மைக்ரோஃபைபர் துணி, வெள்ளை வினிகர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், கார் கடையில் கிடைக்கும் கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), பழைய பல் தேய்க்கும் பிரஷ், மெல்லிய தையல் ஊசி, மாஸ்கிங் டேப், அளவு நாடா, 10 முதல் 14 மி.மீ. வரையான பாக்ஸ் ஸ்பேனர், டெஸ்ட் லேம்ப் அல்லது மல்டிமீட்டர். இவற்றோடு தடித்த குளியல் துண்டு ஒன்று. துண்டு எதற்கு என்பது நான்காவது பகுதியில் வரும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காலை ஒன்பது மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். சூடான கண்ணாடியில் ஷாம்பு உடனே காய்ந்து புதுக் கறை வைக்கும். கல் பட்ட சிறு வெடிப்பு ஏற்கெனவே இருந்தால், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டதும் அது நீளக் கீறலாக ஓடலாம். நிழல் வேண்டுமென்று வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பூவும் பிசினும் விழும். ஷெட், முகப்பு நிழல், எதுவானாலும் கூரை உள்ள இடமே நல்லது.

2. மறைப்பது உள்ளேயா, வெளியேயா?

எதையும் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். கண்ணாடி மங்கும்போது உட்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிந்தால் ஆவி உள்ளே. தெளியாவிட்டால் வைப்பரை ஒரு முறை ஓட்டுங்கள். அதில் தெளிந்தால் ஆவி வெளியே. இரண்டுக்கும் மருந்து நேர் எதிர் என்பதால்தான் இந்தச் சோதனை முதலில் வருகிறது.

உள்ளே ஆவி: பிள்ளையார்பட்டியில் நனைந்தபடியே ஏழு பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் மூச்சும் ஈரத் துணியும் கண்ணாடியில்தான் படியும். ஏசியைப் போடுங்கள், காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், ஃபேனைக் கூட்டுங்கள், உள்காற்றே சுற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்டவிடும். பலர் செய்யும் தவறு, குளிருகிறது என்று ஏசியை அணைத்துவிட்டு வெறும் ஃபேனை ஓட்டுவது. ஈரம் போக வழியில்லாமல் வண்டிக்குள்ளேயே சுற்றும். ஆயாவுக்குக் குளிர்ந்தால் வெப்பநிலையை ஏற்றுங்கள், ஏசியை அணைக்காதீர்கள்.

வெளியே ஆவி: நம் ஊர் மழையில் இதுதான் அதிகம் ஏமாற்றும். சில்லென்ற தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் செம்பு வெளியே முத்து முத்தாக வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏசியின் குளிர்காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்கும்போது அதே கதை. வெளியே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று கண்ணாடியின் மேல் படிகிறது. வைப்பர் துடைத்த கையோடு மறுபடி மூடும். காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துப் பக்கம் மாற்றி, ஏசியின் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி ஏற்றினால் போதும். இது தெரியாமல் ஏசியை இன்னும் கூட்டுபவர்கள் ஆவியைத் தாங்களே வளர்க்கிறார்கள்.

நாள்தோறும் உள்ளே ஆவி பிடித்தால் முன் சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஏசி பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, மிதியடி மட்டும் ஈரம் என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கூடவே வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள்; செம்மண் புழுதி அடைத்து அது செங்கல் நிறத்தில் இருந்தால் காற்றே வராது.

3. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் முறை

முதலில் தண்ணீரை நிறைய ஊற்றிப் புழுதியைக் கழுவி விடுங்கள். துடைப்பது பிறகு. காய்ந்த மண்ணின் மேல் துணி போட்டால் மணல் கண்ணாடியைக் கீறும். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓட்டுவதும் அதே கேடுதான்.

அடுத்து ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அது போன பிறகும் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம். டீசல் புகை, சாலை எண்ணெய், சர்வீஸ் நிலையத்தில் பூசிய மெழுகு எல்லாம் சேர்ந்தது அது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு மழையில் எதிரே லாரி விளக்கு அடித்ததும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போலாகும்.

படலம் இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரலை விட்டு ஈரக் கண்ணாடியில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் அழுக்கு ஒட்டியிருக்கிறது. ஷாம்பு நீரைத் தெளித்துக்கொண்டே கிளே பாரை மெதுவாக, நேர்கோட்டில் தேயுங்கள். அது தானாக வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் சுத்தம். கீழே விழுந்த கிளேயை மறுபடி எடுக்காதீர்கள். ஒட்டிய மண்துகள் உப்புத்தாளாகிவிடும்.

போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் படிந்த வெள்ளை உப்பு வட்டங்களுக்கு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள். காய விடாமல் தேய்த்துக் கழுவுங்கள். பெயின்ட்டில் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். இதற்கும் போகாத கறை கண்ணாடியை அரித்திருக்கும். அதற்குக் கண்ணாடிக்கென்றே உள்ள சீரியம் ஆக்சைடு பாலிஷ் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

கடைசியாக ஆல்கஹால் நனைத்த துணியால் வெளியே ஒரு முறை, வேறு துணியால் உள்ளே ஒரு முறை. உட்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை. டேஷ்போர்டுக்குப் போடும் பளபளப்புப் பாலிஷ் வெயிலில் ஆவியாகி உள்கண்ணாடியில் ஒட்டுவதால், மாலை வெயிலை எதிர்கொண்டு ஓட்டும்போது கண் கூசுகிறது. வெளியே மேலிருந்து கீழாகவும், உள்ளே இடமிருந்து வலமாகவும் துடையுங்கள். கோடு மிஞ்சினால் எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காயெண்ணெய் மெருகு தரும். கண்ணாடியில் அதே எண்ணெய்தான் எமன். வைப்பர் ரப்பர் மிருதுவாகட்டும் என்று தடவுபவர்கள் அடுத்த மழையில் ஒன்றும் தெரியாமல் திண்டாடுவார்கள்.

4. ரப்பரும் பிளேடும்

கண்ணாடி சுத்தமான பிறகும் கோளாறு இருந்தால் அது விட்டுச் செல்லும் அடையாளத்தைப் படியுங்கள். ஒரே இடத்தில் மெல்லிய கோடு என்றால் ரப்பர் நுனியில் வெட்டு அல்லது ஒட்டிய துகள். ஈரத் துணியால் நுனியை வழித்து விடுங்கள். துணியில் கறுப்பு வருவது இயல்பு. மீண்டும் கோடு வந்தால் ரப்பர் போயிற்று. நடுவில் பட்டையாக ஒரு பகுதி துடைபடவில்லை என்றால் பிளேடு வளைந்திருக்கிறது அல்லது கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. போகும்போது அமைதி, திரும்பும்போது கடகடவென்று துள்ளல் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். புது பிளேடு அதைத் தீர்க்காது.

பிளேடு வாங்க நல்ல காலம் புரட்டாசி. சித்திரையில் வாங்கினால் மழையைக் காணும் முன்பே வெயில் அதை வேகவைத்துவிடும். நம் வெயிலுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான் ரப்பர் தாங்கும்.

அளவு அங்குலத்தில் இருக்கும். ஓட்டுநர் பக்கம் பெரும்பாலும் நீளம், மறுபக்கம் குட்டை. இரண்டையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நீளம் கூடினால் ஒன்றோடொன்று இடிக்கும், அல்லது கண்ணாடி ஓரத்து ரப்பரில் ஏறும். கையின் நுனி கொக்கியா, பொத்தானா என்பதையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு சரியாக இருந்து மாட்டும் கிளிப் பொருந்தாமல் திரும்பி வருபவர்கள் நிறைய.

மாற்றும் முன் துண்டை நாலாக மடித்துக் கண்ணாடியில் விரியுங்கள். பிளேடு இல்லாத வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் படீரென்று அடித்தால் முன்கண்ணாடி விரிசல் விடும். சின்ன பிளேடு மாற்றப் போய்க் கண்ணாடியையே மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தால் மேலே உள்ளதை முதலில் தூக்குங்கள், கடைசியில் இறக்குங்கள். சில எஸ்யூவிகளில் கை பானெட் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். அப்படியே தூக்கினால் பெயின்ட் பெயரும். அவற்றில் இக்னிஷனை அணைத்த சில நொடிக்குள் வைப்பர் சுவிட்சை அழுத்தினால் கைகள் நிமிர்ந்து நிற்கும். உங்கள் வண்டிக்கு என்ன முறை என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

புது பிளேடு ‘டிக்’ என்று உட்கார வேண்டும். மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் நுனியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பிளாஸ்டிக் உறை வரும். அதைக் கழற்ற மறந்துவிட்டு “புது பிளேடே சரியில்லை” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

5. வைப்பர் கை

துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் கையின் முறுக்கம். ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்றால்தான் இரு பக்கமும் சமமாகச் சாயும். பிளேடைக் கழற்றிவிட்டுக் கையின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள். அது கண்ணாடிக்கு இணையாக இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தால், தூக்கிப் பிடித்து இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் துளித் துளியாகத் திருப்புங்கள். ஒரே மூச்சில் முறுக்கினால் உடையும். கார் கழுவும் இடத்தில் பிளேடைப் பிடித்துக் கையை இழுப்பதாலும் இந்த முறுக்கம் வரும்.

மோட்டார் ஓடுகிறது, ஒரு கை மட்டும் அசையவில்லை என்றால் அடிப்பக்க மூடியைத் திறந்து நட்டைப் பாருங்கள். தளர்ந்திருந்தால், வைப்பர் நிறுத்த நிலையில் இருக்கும்போது கையைச் சரியான இடத்தில் வைத்து இறுக்குங்கள். கையைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் பிளேடு படுத்திருக்கும் கோட்டில் கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் பிளேடு ஓரத்தில் இடிக்கும். இறுக்கியும் வழுக்கினால் கையின் உள்பற்கள் தேய்ந்துவிட்டன. கையை மாற்றுவதுதான் வழி.

6. வாஷர்

சுவிட்சை இழுத்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். பம்பின் ‘ங்ங்’ சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் டேங்க் காலி, குழாய் கழன்றிருக்கிறது அல்லது தண்ணீர் பீறிடும் துளையான நாசிலில் அடைப்பு. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், கனெக்டர், பம்ப்.

மாதக்கணக்கில் பூட்டிய வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் முதலில் எலியைச் சந்தேகியுங்கள். பானெட்டைத் திறந்து, அதன் அடிப்பக்கம் போகும் மெல்லிய ரப்பர் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். கடித்த இடம் விரலில் தட்டும். குழாய்க் கடையில் அதே விட்டத்தில் வாங்கி இணைத்துவிடலாம்.

நாசில் அடைப்புக்கு ஊசியை நுனியில் மெதுவாகச் சுழற்றுங்கள். அழுத்திக் குத்தினால் ஓட்டை பெரிதாகித் தண்ணீர் பீறிடாமல் வழியும். அடைப்பின் காரணம் போர் தண்ணீரின் உப்பு. டேங்குக்கு ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள். வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து இறங்கும் மழைநீரை அண்டாவில் பிடிக்கும் வழக்கம் இன்னும் உள்ள வீடுகளில் அதைவிட நல்லது கிடையாது. முதல் கால் மணி நேர நீரை விட்டுவிட்டு, பிறகு பிடித்ததை வேட்டித் துணியில் இரண்டாக மடித்து வடிகட்டி ஊற்றுங்கள். உப்பு இல்லாத நீர். வாஷர் திரவத்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். நுரை கண்ணாடியில் காய்ந்து மீண்டும் படலமாகும்.

7. வைப்பர் நின்றேவிட்டால்

ஒரு எச்சரிக்கை. மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் கம்பிகளுக்கு லிங்க் என்று பெயர். அது இருக்கும் இடத்தில் விரல் விடும் முன் இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். மழையை உணர்ந்து தானே ஓடும் ஆட்டோ நிலையில் இருக்கும் வைப்பர் கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டாலே அடித்து ஓடும். அந்தக் கம்பிகள் விரலை நசுக்கும்.

முழு அமைதி என்றால் ஃபியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து வைப்பர் ஃபியூஸை உருவுங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மறுபடி எரிந்தால் பெரிய ஃபியூஸோ செம்புக் கம்பியோ போடாதீர்கள். எங்கோ இறுகிப்போய் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. ஃபியூஸைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது வயர்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன மின்சுவிட்ச். அதே எண்ணுள்ள வேறு ரிலேயை மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம். பிறகு பேட்டரியை மாட்டி, சுவிட்சை ஓட விட்டு, மோட்டார் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி, மோட்டார் மட்டும் ஓடவில்லை என்றால்தான் அதைக் குற்றம் சொல்லலாம். மின்சாரமே வரவில்லை என்றால் கோளாறு சுவிட்ச் அல்லது வயரில். ஒரு வேகம் மட்டும் வேலை செய்தால் சுவிட்சையும் மோட்டாரின் கார்பன் பிரஷையும் பாருங்கள். அணைத்த இடத்திலேயே, நடுக்கண்ணாடியில் நின்றுவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்த சுவிட்ச் போயிருக்கும்.

மோட்டார் சத்தம் உண்டு, இரண்டு கைகளும் அசையவில்லை என்றால் லிங்க் கழன்றிருக்கிறது. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் தெரியும். உருண்டை முனையைக் கவ்வும் பிளாஸ்டிக் புஷ் வெயிலில் காய்ந்து உடைந்திருக்கும். கேபிள் டை கட்டி வீடு வந்து சேரலாம். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

வைப்பர் மெதுவாக, முக்கி முனகி ஓடினால் லிங்கை மோட்டாரிலிருந்து பிரித்து, கைகளை விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆட வேண்டும். இறுகியிருந்தால் தண்டு துருப்பிடித்திருக்கிறது. துரு நீக்கி கிரீஸ் வைத்தால் மோட்டார் செலவு மிச்சம்.

மூடியைக் கழற்றிய கையோடு உள்ளே இருக்கும் வேப்பிலைச் சருகை அள்ளி எறியுங்கள். வடிகால் அடைத்தால் அங்கே தண்ணீர் தேங்கி மோட்டாரை நனைக்கும், ஏசி காற்று வழியாக உள்ளேயும் வரும். புரட்டாசியில் ஒரு முறை இதை மட்டும் செய்தால்கூட ஏழாவது பகுதிக்கே வேலை இருக்காது.

8. பின் கண்ணாடி

எஸ்யூவியின் பின்புறம் செங்குத்தாக இருப்பதால் ஓடும்போது அங்கே காற்று சுழன்று, சக்கரம் கிளப்பும் புழுதியைக் கண்ணாடிக்கே இழுத்து ஒட்டும். அதற்காகவே பின் வைப்பர். ஆனால் வருஷத்தில் இரண்டு முறைதான் அதைத் தொடுவார்கள். அதுவும் வறண்ட புழுதியில். முதலில் தண்ணீர், பிறகு வைப்பர்.

பின் வாஷரை இழுத்தால் தண்ணீர் வரவில்லை, மேற்கூரைத் துணியின் பின்பக்கம் ஈரம் என்றால், டிக்கிக் கதவின் கீல் அருகே உள்ள ரப்பர் மடிப்புக்குள் குழாய் கழன்றிருக்கும். அதே மடிப்பில்தான் வயர்களும் போகின்றன. பின் வைப்பர், டீஃபாகர் (பின் கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைப் போக்கும் கோடுகள்), நம்பர் பிளேட் விளக்கு மூன்றும் ஒன்றாகச் செத்தால் மூன்றையும் தனித்தனியே சோதிக்காதீர்கள்; கதவைத் திறந்து திறந்து வயர் அறுந்தது அங்கேதான்.

டீஃபாகர் கோடுகள் உட்பக்கம் இருப்பதால் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். கத்தியால் ஸ்டிக்கர் சுரண்டினால் கோடு அறுந்து, அந்த வரி மட்டும் தெளியாது. கறுப்பு ஃபிலிம் ஒட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: முன், பின் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி.

9. விளக்கும் சென்சாரும்

மூன்றாவது வரிசையில் ஆட்களும் சீர்ப் பாத்திரங்களும் ஏறினால் பின்புறம் தாழ்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சக்கரம் இருந்தால் அதைத் திருப்புங்கள். எண் ஏற ஏற வெளிச்சம் தாழும். சுமை இறங்கியதும் 0-க்குத் திருப்ப மறக்க வேண்டாம்.

மழை சென்சார் உள்ள வண்டியில் கோடை முழுக்க ஆட்டோவை அணைத்து வையுங்கள். கண்ணாடியில் பூச்சி அடித்தாலும் காய்ந்த புழுதியில் வைப்பர் ஓடக்கூடும். முன்கண்ணாடி மாற்றிய பிறகு ஆட்டோ குழம்பினால் சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள ஜெல்லில் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் கேமரா உள்ள வண்டி என்றால் மாற்றிய பின் அதை அளவமைக்க வேண்டும். பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

10. நடுவழியில், கொட்டும் மழையில்

வைப்பர் நின்றுவிட்டால் வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டுச் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிறுத்துங்கள். புளியமரத்தடி வேண்டாம், கிளை முறியும், இடியும் விழலாம். நின்ற பிறகு நான்கு விளக்கும் மின்னும் பொத்தானைப் போடுங்கள்.

பழைய லாரி ஓட்டுநர்கள் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். துளித் துளியாக நிற்கும் நீர் அதனால் சீராகப் பரவி வழியும். கடையில் வாங்கும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். துணியில் தடவி வெளிக்கண்ணாடியில் மெல்லிசாகத் தேய்த்தால், மழை சற்றுக் குறைந்ததும் அருகிலுள்ள பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்து போகலாம். தேய்த்ததை வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள். காய்ந்தால் மறுநாள் வெயிலில் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரை.